மறுபடி அளக்கலாம்

பீடோர் அரசாங்கக் கிளினிக்கில்
ஏழரைக்கே நாற்காலிகள் நிறைந்துவிடும்.
செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்கள்,
மருந்துப் பையை மடியில் அணைத்த சீனப் பெரியவர்,
ஊசிக்கு முன்பே அழுது முடித்த ஒரு குழந்தை,
நான்.

கதவிடுக்கில் தலை நீட்டி மிஸ்ஸி கூப்பிடுகிறார்:
"தனபாலன் அனாக் லெலாக்கி மருதமுத்து!"

எழுந்து நடக்க வேண்டியது பன்னிரண்டு அடி.
அதற்குள் என் பச்சைச் சுடிதாரை
மேலிருந்து கீழாக எல்லாரும் ஒருமுறை வாசித்துவிடுகிறார்கள்.
குழந்தைகூட.

கையில் பட்டை இறுகுகிறது.
நூற்றறுபத்திரண்டு. கீழே நூற்றிரண்டு.
"உப்பைக் குறைங்க," என்கிறார், திரையைப் பார்த்தபடி.

உப்பா?
கறிப்பாப் விற்கிறவள் நான்.
கிழங்கு மசாலாவை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத்
துப்பிவிடப் பழகி ஒன்பது மாதம்.

அப்பாவுக்கும் இருந்தது.
பால் வாளியோடு நிரையிலேயே சாய்ந்தார், நாற்பத்தெட்டில்.
அவர் வைத்த பெயரைக் கழற்ற முடிந்தது.
அவர் தந்த அழுத்தத்தைக் கழற்ற முடியவில்லை.
மூக்கையும்.

பத்து வருஷம் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரைதான்.
சௌக்கிட்டிலிருந்து புஷ்பலீலா வாங்கி அனுப்புவாள்.
ஒன்றுக்கு மூன்றாக விழுங்குவோம்,
சீக்கிரம் வளரட்டும் என்று.
ஒருநாள் எண்ணெய்ச் சட்டி முன்னால்
கண்ணுக்குள் கரும்புள்ளி பறந்தது.

ஈப்போ டாக்டர் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னார்.
வயிற்றில் ஒட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்திரி,
காலையில் ஒரு வெள்ளை மாத்திரை:
மீசையையும் அடக்கும், ரத்தத்தையும் இறக்கும்.
ஒரு கூலிக்கு இரண்டு வேலை,
தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஏற்ற மருந்து.

ஆனால் மணிக்கொரு தரம் மூத்திரம்.
பாசார் மாலாமில் எனக்கென்று எந்தக் கதவு?
பெட்ரோல் ஸ்டேஷன் பையன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
இரண்டு கதவையும் பார்ப்பான், என்னையும் பார்ப்பான்.
அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.
குடிக்காததால் தலை சுற்றியது.
சுற்றியதால் ஒரு தட்டுக் கறிப்பாப் தரையில்.
டாக்டரிடம் மாத்திரையைக் குறை சொன்னேன்.
"தண்ணியைக் குடிங்க," என்றார்.
"அந்தச் சாவியை என்னால மாத்த முடியாது."

இன்னொரு கண்டிப்பு, பொட்டாசியம்.
இளநீர் வேண்டாம்.
சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் 'உப்புக் குறைந்த உப்பு' அறவே வேண்டாம்,
அதில் இருப்பதே அதுதானாம்.
கொய்யாவும் அளவோடு.
பீடோரில் இருந்துகொண்டு கொய்யாவை அளவோடு தின்பதெப்படி?
சாலை நெடுக அதைத்தானே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு, மாவு பிசையுமுன்,
அடுப்படி முக்காலியை விட்டுச் சுவரோர நாற்காலியில்
முதுகு சாய்த்து நானே அளக்கிறேன்.
ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். கால் தரையில்.
யாரும் எந்தப் பெயரும் சொல்லாத ஐந்து நிமிஷம்.
நூற்றிருபத்தாறு. எண்பது.

பள்ளிக்கூட நோட்டில் குறிக்கிறேன்.
அட்டையில், பெயர்: ரூபவதி.
பாடம்: பிரஷர்.
வகுப்பு என்ற இடம் காலி.

போன மாதம் நோட்டை மிஸ்ஸியிடம் நீட்டினேன்.
பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அட்டையைப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.
ஓரமாக உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்து
அவரே வந்து தோளைத் தொட்டார்:
"ரூபவதி, மறுபடி அளக்கலாம்."
நூற்றுமுப்பத்தெட்டு.

இன்று வேறு மிஸ்ஸி.
"தனபாலன் அனாக் லெலாக்கி..."
பன்னிரண்டு அடி.
நூற்றைம்பத்தாறு என்கிறது மெஷின்.
பேனாவைத் திறந்துவிட்டார்,
மாத்திரையைக் கூட்டச் சொல்லி எழுதப் போகிறார்.
கையில் பட்டை இன்னும் கழலவில்லை.
நோட்டை மேசைமேல் வைக்கிறேன், அட்டை தெரியும்படி.
காலைத் தரையில் ஊன்றிக்கொள்கிறேன்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க மிஸ்ஸி.
மறுபடி அளக்கலாம்."